சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் யார் சிங்கப்பூர் கிளம்பினாலும் டிக்கெட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அடுத்த நிமிடமே போன் போடுவார்கள். போன தடவை சித்தப்பா. "ஏன்டா, போறதுக்கு ஏழு மணி நேரம், திரும்பி வர்றதுக்கு ரெண்டு மணி நேரமா? தப்பா அடிச்சிட்டானா?" தப்பெல்லாம் இல்லை, அவர் கடிகாரத்தைக் கழித்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இதே கேள்வியைப் பத்துப் பேருக்குப் பத்து விதமாகச் சொல்லி அலுத்துப்போய், வழக்கமாக வரும் எல்லாக் கேள்விகளையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

சரி, முதலில் தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கம் ஓடுதளத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலைய ஓடுதளம் வரை, பூமியின் வளைவோடு அளந்தால், சுமார் 2,920 கி.மீ. மைலில் சொன்னால் ஏறக்குறைய 1,815. விமானிகள் கணக்குப் போடும் கடல் மைலில் ஏறக்குறைய 1,580. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். சாதாரண மைல் 1,609 மீட்டர்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "1,580 மைல்தானே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு எண் காட்டுகிறதே, எது சரி?

பத்து இருபது கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் எல்லாமே சரிதான். சில தளங்கள் ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளக்கும், சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. சாங்கி தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, ஆகவே ஊர் நடுவை எடுத்தால் தூரம் கொஞ்சம் குறையும். இன்னொரு காரணம், பூமி முழு உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடும் தளத்துக்கும் சப்பையான வடிவத்தை எடுத்துக்கொள்ளும் தளத்துக்கும் சில கிலோமீட்டர் மாறும்.

ஆனால் விமானம் உண்மையில் பறக்கிற தூரம் இந்த 2,920 இல்லை. கிளம்பி ஒரு திருப்பம், நடுவில் நிர்ணயித்த வான்வழிகள், மேகத்தைச் சுற்றிப் போவது, இறங்குவதற்கு முன் வரிசையில் நிற்பது எல்லாம் சேர்ந்து மூவாயிரத்தை ஒட்டி வந்துவிடும். சில நாள் அதையும் தாண்டும்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அதுதான் குறுகிய வழியா?

இந்தப் பாதையில் கிட்டத்தட்ட ஆமாம். தட்டையான வரைபடத்தில் போடும் நேர்கோடும் உருண்டை மேல் இழுக்கும் குறுகிய கோடும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பெரிதாகப் பிரியாது, சென்னையும் சிங்கப்பூரும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. டெல்லி – நியூயார்க் மாதிரிப் பாதைகளில்தான் விமானம் வடக்கே வளைந்து வளைந்து போவதுபோல் தெரிந்து எல்லாரும் மிரளுவார்கள்.

பறக்கும் நேரம் எவ்வளவு?

இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் "பறக்கும் நேரம்" என்று நாம் சொல்வது மூன்று வேறு விஷயங்கள். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை என்றால் பெரும்பாலும் 3 மணி 40 நிமிடத்திலிருந்து 4 மணிக்குள். நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளிவிட்டதிலிருந்து சாங்கியில் போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்வரை என்றால், அதாவது டிக்கெட்டில் போடுகிற நேரம், சுமார் 4 மணி 10 நிமிடத்திலிருந்து நாலரை வரை. மூன்றாவது கடிகாரத்தைப் பார்த்துக் கழிப்பது, சித்தப்பா கணக்கு. அதற்குக் கீழே வருகிறேன்.

விமானம் 850 கி.மீ. வேகத்தில் போகிறது, 2,920ஐ வகுத்தால் மூன்றரை மணிகூட வரவில்லையே?

கணக்கு சரி, 3 மணி 26 நிமிடம் வரும். ஆனால் அந்த 850 நடுவானில் மட்டும்தான். மேலே ஏற இருபது இருபத்தைந்து நிமிடம், அந்த நேரமெல்லாம் வேகம் குறைவு. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கி.மீ. சொச்சத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. இறங்குவதற்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு: எத்தனை ஆயிரம் அடி உயரமோ அதை மூன்றால் பெருக்கினால் எத்தனை கடல் மைல் முன்னாலேயே இறங்கத் தொடங்க வேண்டும் என்று தெரியும். 37,000 அடி என்றால் 111 கடல் மைல், அதாவது இருநூறு கிலோமீட்டர். காது அடைக்கத் தொடங்கும்போது நீங்கள் இன்னும் மலாக்கா ஜலசந்திப் பக்கம்தான் இருப்பீர்கள், சிங்கப்பூர் இன்னும் தூரம்.

அப்புறம் தரையில் ஊர்ந்து போவது இரண்டு பக்கமும் பத்து பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாக நேரம் போட்டு வைப்பதும் உண்டு. அதனால்தான் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் "சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம்" என்று அறிவிப்பு கேட்கிறது. விமானி வேகமாக ஓட்டிவிட்டார் என்று நினைத்துக் கைதட்டாதீர்கள்.

டிக்கெட்டில் போவதற்கு ஏழு மணி நேரமும் வருவதற்கு இரண்டு மணி நேரமும் காட்டுவது ஏன்?

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11.30க்குச் சென்னையில் கிளம்பி 4 மணி 15 நிமிடம் பயணம் செய்தால் நம் நேரப்படி விடியற்காலை 3.45. அதோடு இரண்டரையைக் கூட்டினால் சிங்கப்பூரில் காலை 6.15. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

திரும்பி வரும்போது காலை 8 மணிக்குக் கிளம்பினால் அவர்கள் நேரப்படி 12.15க்குச் சென்னை, நம் நேரப்படி 9.45. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் அதே 4 மணி 15 நிமிடம்தான். சந்தேகம் வந்தால் போவது வருவது இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், உண்மையான நேரம் வந்துவிடும்: ஆறே முக்காலும் ஒன்றே முக்காலும் எட்டரை, பாதி நாலேகால்.

இரண்டரை மணி நேரம் என்று அரை மணி எப்படி வந்தது?

நம் பக்க அரை மணி எல்லாருக்கும் தெரிந்ததுதான், இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். வேடிக்கை சிங்கப்பூர் பக்கம். சூரியனை வைத்துப் பார்த்தால் 104 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கும் ஊருக்குக் கிரீன்விச்சைவிட ஏழு மணிதான் வர வேண்டும், ஆனால் அவர்கள் எட்டு வைத்திருக்கிறார்கள். 1981 முடியும்வரை ஏழரைதான் இருந்தது. அப்போது நமக்கும் அவர்களுக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். மலேசியா தன் மேற்குப் பகுதி நேரத்தை கிழக்கே உள்ள சபா, சரவாக்கோடு ஒன்றாக்க அரை மணி முன்னால் தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது, 1982 புத்தாண்டு முதல் இதுதான். அதற்கும் முன்னால், ஜப்பான் பிடித்து வைத்திருந்த காலத்தில், டோக்கியோ நேரப்படி ஒன்பது மணியே ஓடியிருக்கிறது.

சூரியன் மட்டும் கணக்கென்றால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கிட்டத்தட்ட 24 டிகிரி, 15 டிகிரிக்கு ஒரு மணி என்று வைத்தால் ஒன்று முப்பத்தைந்துதான் வித்தியாசம் வர வேண்டும். மீதி ஐம்பத்தைந்து நிமிடம் மனிதர் போட்டது. ஆறேகாலுக்கு சாங்கியில் இறங்கி வெளியே பார்த்தால் இன்னும் கும்மிருட்டாக இருப்பது இதனால்தான். அங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எட்டிப்பார்க்கும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, அப்படியானால் திரும்பி வரும்போது சென்னை நம்மை நோக்கி வருமே, சீக்கிரம் வந்துவிட மாட்டோமா?

நல்ல கேள்வி, ஆனால் இல்லை. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் நீந்துகிறது. ஓடும் ரயிலுக்குள் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் உங்கள் நடை வேகம் ஒன்றுதான். நேரம் மாறுவது அந்தக் காற்று தன் பங்குக்கு எந்தப் பக்கம் வீசுகிறது என்பதால் மட்டும்.

அப்படியானால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? போவது வேகமா, வருவது வேகமா?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பெரும்பாலான கட்டுரைகளில் "கிழக்கே போனால் வேகம், மேற்கே வந்தால் மெதுவு" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அது வடக்கே, டெல்லி, துபாய், டோக்கியோ பக்கம் பொருந்தும். அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து ஜெட் காற்றோட்டம், அதாவது உயரத்தில் ஆறு மாதிரி வேகமாக ஓடும் காற்று, ஓடுகிறது. சென்னை – சிங்கப்பூர் பாதை அதற்கு ரொம்பத் தெற்கே இருக்கிறது, குளிர்காலத்தில் இங்கே மேல்காற்று பெரும்பாலும் பலவீனம்.

ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதையே தலைகீழ். கீழே தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும், அதே சமயம் தலைக்கு மேலே பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தை மையமாக வைத்து ஒரு ஜெட் காற்றோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே, தென்னிந்தியா வழியாக ஆப்பிரிக்காவை நோக்கி ஓடும். இந்தக் கிழக்கத்திய ஜெட்டைப் பற்றி 1950களில் விரிவாக எழுதியவர் நம் வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம். விமானம் பறப்பது பத்து, பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டரில் என்பதால் அதன் நடுவில் சிக்காது, கீழ் விளிம்பில் ஓரளவு படும். ஆகவே ஆடி, ஆவணியில் சிங்கப்பூர் போவது எதிர்க்காற்றிலும் திரும்பி வருவது முதுகில் தள்ளும் காற்றிலும் நடக்க வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு நேரம் மாறும்? ஒரு மாதிரிக் கணக்கு. நடுவான் பகுதி 2,400 கி.மீ. என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் 850 வேகத்தில் 169 நிமிடம். மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 180 நிமிடம், அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 160. இருபது நிமிட வித்தியாசம். கடல் தாண்டும் நீண்ட பயணங்களில் ஒரு மணி, ஒன்றரை மணி என்று மாறுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

பெரிய விமானம் சீக்கிரம் போகுமா?

கொஞ்சம். ஒற்றை நடைபாதை உள்ள ஏ320, ஏ321, போயிங் 737 வகைகள் 830 கி.மீ. வாக்கில் போகும், இரட்டை நடைபாதை உள்ள ஏ350, போயிங் 787 போன்றவை 900ஐ ஒட்டி. மேலே சொன்ன 2,400 கி.மீ.க்கு இது பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் மிச்சம். பெரிய விமானத்தில் ஏறி இறங்க முந்நூறு பேர் என்பதால் மிச்சம் பிடித்த நேரம் பெட்டி வருவதற்குக் காத்திருக்கையில் போய்விடும். இருக்கையின் வசதிக்காகப் பெரிய விமானம் எடுங்கள், நேரத்துக்காக வேண்டாம்.

எந்த வழியாகப் போகிறது? கீழே என்ன இருக்கும்?

சென்னையிலிருந்து கிழக்கு-தென்கிழக்கே, வங்காள விரிகுடாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு. முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர். ஏறக்குறைய பாதி வழியில் நிக்கோபார் தீவுகள். அளந்து போட்ட குறுகிய கோடு பெரிய நிக்கோபாரின் தெற்கு முனைக்குச் சற்றுக் கீழே போகிறது, இந்தியாவின் கடைசித் தென்புள்ளியான இந்திரா முனை அங்கேதான். அதன்பின் சுமத்ராவின் வடக்கு ஓரம், ஆச்சே கடற்கரை, அங்கிருந்து மலாக்கா ஜலசந்தியோடு ஒட்டிக்கொண்டு தென்கிழக்கே இறங்கினால் சிங்கப்பூர். இடது பக்கம் தூரத்தில் கெடா, பினாங்கு. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று படித்தோமே, அந்தக் கடாரம் கெடாதான். அவர் படை 1025 வாக்கில் பருவக்காற்றைப் பார்த்துக் கிளம்பிய கடல்தான் கீழே கிடக்கிறது, நீங்கள் அதை ஒரு சினிமா பார்த்து முடிப்பதற்குள் தாண்டிவிடுகிறீர்கள்.

சரி, இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் உயரத்தைக் கவனியுங்கள். கிழக்குப் பாதி நோக்கிப் போகும் விமானத்துக்கு ஒற்றைப்படை உயரம், 35,000, 37,000, 39,000 அடி. மேற்கே வரும் விமானத்துக்கு இரட்டைப்படை, 36,000, 38,000, 40,000. எதிரெதிரே வருபவர்களுக்குள் ஆயிரம் அடி இடைவெளி இருப்பதற்கான ஏற்பாடு. போகும்போது 37,000 என்று காட்டிய திரை வரும்போது 38,000 என்று காட்டும். இதைக் காட்டினால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், என் அனுபவம்.

நடுக்கடலில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டால்?

இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் பறக்கும், அதற்காகத்தான் வடிவமைத்துச் சோதிக்கிறார்கள். பக்கத்தில் ஓடுதளம் எங்கே என்பதுதான் கேள்வி. இந்தப் பாதையில் ஒரு பக்கம் சென்னை, நடுவில் அந்தமானின் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அதைத் தாண்டினால் சுமத்ராவின் பண்டா ஆச்சே, மேடான், பிறகு பினாங்கு. எந்தப் புள்ளியில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்று எட்டிவிடும். பசிபிக் கடலைத் தாண்டும் விமானங்களோடு ஒப்பிட்டால் நம்முடையது கரையோரமாகப் படகு விடுவது மாதிரி.

எரிபொருளும் அளவோடு மட்டும் போடுவதில்லை. சிங்கப்பூர் வரை எவ்வளவு, வழியில் எதிர்பாராததற்கு எவ்வளவு, சாங்கியில் இறங்க முடியாவிட்டால் ஜொகூர், பாத்தாம் தீவு அல்லது கோலாலம்பூர் போக எவ்வளவு, அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமடிக்க எவ்வளவு என்று அடுக்கித்தான் ஊற்றுவார்கள்.

ரொம்பக் குலுங்குமா?

வங்காள விரிகுடாவின் தெற்குப் பகுதியும் மலாக்கா ஜலசந்தியும் இடிமேகங்களின் சொந்த ஊர். வெப்பமண்டல மேகங்கள் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் வரை எழும்பும், விமானம் அவற்றுக்கு மேலே ஏற முடியாது, ரேடாரில் பார்த்துச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் நேரமும் ஐந்து பத்து நிமிடம் கூடும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து கிளம்பி ஜலசந்தியைத் தாண்டிச் சிங்கப்பூரை அடிக்கும் ஒரு இடிமழை வரிசை உண்டு, அங்கே அதற்குப் பெயரே சுமத்ரா ஸ்குவால். இரவு சென்னையில் கிளம்பி ஆறு மணிக்குப் போய்ச் சேரும் விமானம் சில நாள் சரியாக அதன் வாயில்தான் போய் நிற்கும், வானத்தில் வட்டமடிக்க வைப்பார்கள்.

பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த விமானம் மியான்மர் மேலே திடீரென்று தூக்கிப் போட்டதில் பலர் காயமடைந்து, ஒருவர் இறந்து, விமானத்தைப் பாங்காக்கில் இறக்கினார்கள். காயம்பட்டவர்களில் பலர் பெல்ட் போடாதவர்கள்.

சென்னைப் பக்கம் பிரச்சினை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். புயலோ பெருமழையோ வந்தால் ஓடுதளமே மூழ்கலாம். 2015 டிசம்பரில் நாள்கணக்கில் மூடினார்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முந்தின நாள் விமானம் எடுக்காமல் இரண்டு நாள் முன்னதாகக் கிளம்புவது நல்லது.

திருச்சி, மதுரை, கோவை இன்னும் தெற்கேதானே, அங்கிருந்து தூரம் குறையுமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். குறையாது, கூடும். தெற்கே இறங்குவதில் மிச்சமாவதைவிட மேற்கே தள்ளியிருப்பதில் செலவாவது அதிகம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., மதுரையிலிருந்து 3,015, கோவையிலிருந்து 3,160. சென்னைதான் பக்கம். ஆனால் தஞ்சாவூர்க்காரர் அறுபது கிலோமீட்டர் வானத்தில் மிச்சம் பிடிக்க முந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் சென்னை வரை போவதில் அர்த்தமே இல்லை, திருச்சியில் ஏறுங்கள்.

கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ போனால் எவ்வளவு சுற்று?

கோலாலம்பூர் கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே இருக்கிறது. சென்னை – கோலாலம்பூர் 2,630, அங்கிருந்து சிங்கப்பூர் 300, மொத்தம் 2,930. சுற்றே இல்லை என்று சொல்லலாம். கொழும்பு வழி என்றால் 650 கூட்டல் 2,750, சுமார் 3,400, கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர் அதிகம். ஆனால் இங்கே கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், நடுவில் காத்திருப்பதைப் பாருங்கள். கோலாலம்பூரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நாலேகால் மணிப் பயணம் எட்டரையாகிவிடும். டிக்கெட் விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் அதுவும் யோசிக்க வேண்டாம்.

சென்னையிலிருந்து துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா?

கேட்டவர்கள் எல்லாரும் துபாய் என்றுதான் சொன்னார்கள். பார்த்தால் துபாய் சுமார் 2,930 கி.மீ., சிங்கப்பூர் 2,920. சென்னை இரண்டுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. துபாய் பாதை வடக்கே போவதால் அங்கே குளிர்காலத்தில் மேற்கத்திய ஜெட் விளையாடும், போவதைவிட வருவது வேகமாக முடியும்.

பல விமானங்கள் ஏன் நடு இரவில் கிளம்புகின்றன?

நம்மை வதைக்க இல்லை. இரவு கிளம்பினால் விடியும்போது சாங்கி. காலையில் அங்கிருந்து ஆஸ்திரேலியா, கிழக்காசியா பக்கம் போகும் விமானங்களைப் பிடிக்கலாம், வேலைக்குப் போகிறவர் நேராக ஆபீஸ் போகலாம். தூங்கத்தான் நேரம் போதாது. மேலே ஏறி, சாப்பாட்டு வண்டி வந்து, விளக்கை அணைத்து, மறுபடி போடுவதற்குள் கையில் நிற்பது இரண்டு மணி நேரம்.

இதில் ஒரு பெரிய பொறி. 15ஆம் தேதி இரவு 12.40 விமானம் என்றால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி ராத்திரி. எனக்குத் தெரிந்த ஒருவர் 15ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்குப் பெட்டியோடு போய் நின்றார், விமானம் போய் கிட்டத்தட்ட இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. டிக்கெட்டில் 00 என்று தொடங்கும் நேரம் இருந்தால் காலண்டரில் முந்தின நாளில் எழுதி வையுங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம்?

போகும்போது இடது. விடியற்காலை விமானமாக இருந்தால் சூரியன் இடது முன்பக்கம் எழும், நிக்கோபாரும் மலேசியக் கரையும் அந்தப் பக்கம்தான் தெரிய வாய்ப்பு. வலது பக்கம் சுமத்ரா. மாலையில் திரும்பி வந்தால் அஸ்தமனமும் இடது முன்பக்கமே. இறங்கும்போது தெற்கிலிருந்து வந்தால் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் தெரியும்.

இதே மாதிரி வேறு ஊருக்கு நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். கிலோமீட்டரை 800ஆல் வகுத்து அரை மணி சேருங்கள். சிங்கப்பூர்: 2,920ஐ வகுத்தால் 3 மணி 39 நிமிடம், அரை மணி சேர்த்து 4 மணி 9. டெல்லி 1,760 கி.மீ., 2 மணி 12 கூட்டல் அரை, 2.42. கொழும்பு 650 கி.மீ., 49 நிமிடம் கூட்டல் அரை, 1.19. டிக்கெட்டில் போட்டிருப்பதிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப் போகாது. ஐரோப்பா, அமெரிக்கா போன்ற தூரங்களுக்கு இது உதவாது, காற்று கணக்கைக் கெடுத்துவிடும்.

விமானம் இல்லாத காலத்தில் எவ்வளவு நாள்?

ஒரு வாரத்துக்கு மேல். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. எங்கள் தாத்தா தலைமுறையில் "ரஜூலாவில் வந்தவர்" என்றாலே ஒரு அடையாளம். அதன்பின் எம்.வி. சிதம்பரம், அது 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்துபோனது.

6.15க்கு வருகிறது என்றால் அழைத்துப்போக எத்தனை மணிக்கு வர வேண்டும்?

6.15 என்பது விமானம் வந்து நிற்கும் நேரம், ஆள் வெளியே வரும் நேரம் இல்லை. குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் முடிந்து வர முக்கால் மணி முதல் ஒரு மணி வரை வையுங்கள். வருகை அட்டையை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், இணையத்தில் நிரப்பிவிடச் சொல்லுங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதிலும் நிரப்ப வேண்டாம். சித்தப்பா அதை மறந்து சோதனை வரிசையில் நின்றுகொண்டு போனில் நிரப்பினார், வெளியே வரும்போது மணி எட்டு.